கீழக்கரையில் வாங்கிய கேமராவும் அழிக்காமல் விட்ட கார்டும்

தனுஷ்கோடிப் பதிவைக் காணவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான்தான் எடுத்துவிட்டேன். தை மாதம் போன பயணத்தை மாசியில் மறுபடி எழுதுகிறேன். இதற்கிடையில் அதே வழியில் இன்னொரு தடவை போய்வர வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது பயணம் ஊர் பார்க்கப் போனதல்ல.

முதலில் கேமரா விஷயம். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக அங்கே வரும் பெண்கள் கையிலெல்லாம் பழைய காம்பாக்ட் கேமரா. கல்யாண வீடுகளில் மாமாக்கள் சட்டைப் பையிலிருந்து எடுப்பார்களே, அந்தச் சோப்பு டப்பா அளவுச் சாமான்தான். போன் கேமரா முகத்துக்கு மாவு பூசிவிடுகிறதாம், இதில் முகம் முகமாகவே விழுகிறதாம். ஒருத்தியிடம் வாங்கிப் பார்த்தேன். பிளாஷ் பட்டுக் கண் லேசாகச் சிவந்து, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்து, படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாற்பது வயதில் வரும் ஆசைக்கு மருந்து கிடையாது.

இணையத்தில் விலை எக்கச்சக்கம். "கீழக்கரைக்குப் போங்க மேடம்" என்றாள் ஒரு மாணவி. அங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். ஒரு காலத்தில் ஊருக்கு வருகிறவர்கள் சென்ட், தைலத்தோடு கேமராவும் கொண்டுவந்தார்கள். போன் வந்ததும் அவை பீரோவுக்குள் போய்விட்டன. வெளியூரிலிருந்து தேடி வருகிறார்கள் என்று தெரிந்தபின் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

சனிக்கிழமை காலை 5.40க்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ராமநாதபுரத்துக்கு 115 கிலோமீட்டர், 120 ரூபாய், 8.25க்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கீழக்கரை 17 கிலோமீட்டர், 22 ரூபாய், நாற்பது நிமிடம். பஜாரில் பழைய போன் விற்கும் அமானுல்லா பாய் கடையில் ஏழெட்டு கேமரா இருந்தன. வெள்ளி நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாயிரம் சொன்னார், 3,200க்குப் படிந்தது, சார்ஜரும் சேர்த்து. ரிப்பேர் என்றால் கூப்பிடுவதற்காக நம்பர்களும் பரிமாறிக்கொண்டோம்.

"கார்டு உள்ளயே கெடக்கும்மா. வித்தவுக வீட்டுப் படமா இருக்கும். பாக்காம அழிச்சிட்டுப் பொழங்குங்க" என்றார்.

"சரி பாய்" என்றேன். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரி என்றுதான் சொன்னேன்.

திரும்ப ராமநாதபுரம் வந்து ராமேஸ்வரம் பஸ். 55 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். உச்சிப்புளி தாண்டும்போது கடற்படை விமான தளம் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தது. உடனே கேமராவைப் பைக்குள் வைத்தேன். பலகை வைத்த இடத்தில் எல்லாம் நான் ஒழுங்கானவள். பாம்பன் பாலத்தில் மறுபடி வெளியே எடுத்து, பக்கத்துச் சீட்டு அம்மாவின் மடியில் விழாத குறையாக எட்டி எட்டி எடுத்தேன். கார்டில் இடம் இருந்ததால் எதையும் அழிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு முனியசாமி என்பவரின் ஆட்டோவில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் புறப்பட்டேன். இருபது கிலோமீட்டர், போகவர ஒரு மணி நேரக் காத்திருப்போடு 900 ரூபாய். பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் நான்கு மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. இரண்டு பக்கமும் கடல், காற்றில் சேலை நிற்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஓர் ஆள் என்னைப் பார்த்தபடி போனை நீட்டிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டேன். விடுவேனா?

"கடலத்தான்கா எடுத்தேன், நீங்க உள்ள வந்துட்டீக. நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"நல்லா இருக்கான்னு ஒன்னைய யாரு கேட்டா? அழி" என்றேன். அழித்தான். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழிக்க வைத்தேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். "நல்லாக் கேட்டீகக்கா" என்றார் முனியசாமி. ராமேஸ்வரம் வந்து சேரும்வரை எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு, 950 ரூபாய் வாடகை அறையில் உட்கார்ந்து கார்டைப் பார்த்தேன். என் படங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு படங்கள் இருந்தன. ஏதோ கல்யாண வீடு, எல்லாம் பெண்கள். ஒரு படத்தில் இருபது வயதுப் பெண் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையிலும் மருதாணி அப்பியிருப்பதால் விரல்களை விரித்துத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். தலையில் முக்காடு இல்லை. பக்கத்திலிருந்து யாரோ வாயில் பலகாரம் ஊட்ட, வாய் நிறைய வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை நான் என் ஆயுளில் எடுத்ததில்லை.

அந்தப் படத்தைச் சதுரமாக வெட்டி, 'கீழக்கரையில் வாங்கிய பழைய கேமராவில் கிடைத்த புதையல்' என்று தலைப்புப் போட்டு, போன் படங்களில் இந்த உயிர் வருமா என்று நாலு வரி தத்துவமும் எழுதி என் தனுஷ்கோடிப் பதிவில் ஏற்றினேன். என் தனுஷ்கோடியை யாரும் சீண்டவில்லை. அந்தச் சிரிப்பை ஆளாளுக்கு எடுத்துப் பகிர்ந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அமானுல்லா பாய் கூப்பிட்டார். "என்னம்மா இப்புடிப் பண்ணிட்டீக? அந்தப் புள்ள படம் ஷார்ஜா, ரியாத்னு சுத்தி அவுக மாப்பிள்ள போனுக்கே போயிருச்சு. கடையில வந்து சத்தம் போடுறாக. நான் சொன்னேன்லம்மா."

உடனே பதிவையே எடுத்துவிட்டேன். ஆனால் என் மனம் முதலில் என்ன சொன்னது தெரியுமா? முகம்தானே, அதில் என்ன தப்பாக இருக்கிறது, நல்லாத்தானே இருக்கிறது என்றது. நல்லாத்தானே இருக்கு. அரிச்சல்முனையில் அந்த ஆள் சொன்ன அதே சொல். அவனாவது என் முகத்துக்கு நேராக நின்று சொன்னான். நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன், வெட்கத்தில் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதே 5.40 பஸ், அதே 120, அதே 22 ரூபாய். ஒன்பதரை மணிக்கு பாய் என்னை ஒரு தெருமுனை வரை கூட்டிப்போய், வீட்டைக் காட்டிவிட்டு, "பொம்பளைகளுக்குள்ள பேசிக்கங்கம்மா" என்று நின்றுகொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தது படத்தில் இருந்த சபீனாவின் அக்கா நூருல். கேமரா அவர் வீட்டுக் கேமராதான். நான் யார் என்று சொன்னதும் என்னை உள்ளே விட்டார், பிறகு விளாசினார்.

"நீயும் ஒரு பொம்பளதானம்மா? மருதாணி போடுற அன்னைக்கு எந்த ஸ்டூடியோக்காரனையும் வாசப்படி ஏத்த மாட்டோம். நாந்தான் எடுத்தேன். பிரிண்டு போடக் குடுத்தாக் கடைக்காரன் பாத்துருவானேன்னு இத்தன வருசம் கார்டுலேயே வச்சிருந்தேன். கார்டக் கழட்டாம வித்தது என் புத்தி கெட்டதனம். வித்தது நானு, பேச்சு வாங்குறது இவ."

இரண்டு கையையும் கூப்பினேன். தப்பு என்னோடது லாத்தா, நீங்க சொன்னதுல பாதிகூட எனக்கு உறைக்காம இருந்துச்சு என்றேன். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். அந்த முறையைச் சொல்லிக் கூப்பிடும் உரிமைகூட எனக்கு இல்லை, வாயில் வந்துவிட்டது.

சபீனா அறைக் கதவோரம் நின்றிருந்தார். இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். "ஒங்க வீட்டுக்காரரு ரொம்பக் கோவப்பட்டாரா?" என்று கேட்டேன்.

"கோவப்படல. 'நானே ஒன்ன இப்புடிச் சிரிச்சுப் பாத்தது இல்லையே'ன்னு மட்டும் கேட்டாக. என்னத்தச் சொல்ல?"

கேமராவையும் கார்டையும் நீட்டினேன். அவர் கார்டை வாங்கவில்லை. "எனக்கு எத்தனையோ பேரு அனுப்புனாக. தொறக்கல. நான் இன்னும் அந்தப் படத்தப் பாக்கல. ஊரெல்லாம் பாத்த பொறவு எனக்கும் காட்டுங்க" என்றார்.

கேமராவை அழுத்தினேன். பேட்டரி செத்துக் கிடந்தது. நல்லவேளை சார்ஜரைக் கொண்டுபோயிருந்தேன். சுவரில் மாட்டிவிட்டு இருபது நிமிடம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நூருல் லாத்தா எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்ததுபோல் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

கேமராவில் விளக்கு எரிந்ததும் சபீனா கேமராவை வாங்கிக்கொண்டார். இரண்டரை அங்குலத் திரை. தன் முகத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஓரத்தில் ஊட்டிக்கொண்டிருந்த கையை விரலால் தொட்டார்.

"லாத்தா, இங்க பாருங்க. உம்மா கை."

நூருல் ஓடிவந்து குனிந்தார். மெலிந்த கை, இரண்டு பச்சை வளையல். உம்மா என்றால் அம்மா, அவர் இறந்து ஆறு வருடமாகிறதாம். படம் எடுக்கிறார்கள் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாராம். நாற்பத்தொரு படங்களையும் அங்கேயே பார்த்தார்கள். உம்மா இருந்தது அந்த ஒன்றில்தான், அதிலும் அந்தக் கைதான்.

நான் பதிவில் வெட்டி எறிந்தது அந்தக் கையை. சிரிப்புக்கு இடைஞ்சலாக ஓரத்தில் யாருடைய கையோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெட்டினேன். அதையும் அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சபீனா கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மாப்பு குடுத்துட்டேன்னு இப்பச் சொல்ல வரலக்கா. நாளாவும். நீங்க வெயிலுக்கு முன்னாடி பஸ் ஏறுங்க" என்றார். கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அது என் தாராளம் அல்ல. கார்டைப் பார்க்க அந்த வீட்டில் வேறு வழி இல்லை.

பாய் சொன்னபடி அழித்திருந்தால் அந்தக் கையும் போயிருக்குமே, நல்லதுதானே நடந்தது என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். வேண்டாம். திருடன் ஒளித்துவைத்த இடத்தில் நகை பத்திரமாக இருந்தது என்று அவனுக்கு மாலை போடுவார்களா?

போகிறவர்களுக்கு: காலை 5.40 பஸ் நல்ல பஸ், இடது பக்கம் உட்காருங்கள். அரிச்சல்முனைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பழைய கேமரா வாங்கினால் கடையிலேயே கார்டைக் கழற்றச் சொல்லுங்கள். பார்க்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், விற்ற வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். புதுக் கார்டு 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

என் பழைய பதிவிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது பாதிப் படம். முழுப் படம் கீழக்கரையில், அது யாருடையதோ அவர்களிடம் இருக்கிறது.