நஷ்டத்தில் பறக்கும் விமானமும் நிற்காத பஸ்ஸும்

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை நஷ்டம் என்று நிறுத்திவிட்டு, விமானத்துக்கு மானியம் கொடுக்கிறார்களே என்று இங்கே பலமுறை எழுதித் திட்டியிருக்கிறேன். இன்று அந்த விமானத்தில் போகிறவர்களைப் பார்த்துவிட்டேன், திருநெல்வேலி பஸ்ஸில்.

எங்கள் ஊரை அடுத்த சின்னப் புதுக்கோட்டை தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக எழுந்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆனவர். இடுப்பில் பெல்ட். மனைவியின் கையில் எக்ஸ்ரே உறை.

"வாகைக்குளம் விலக்குல இறக்கி விடுங்க. ஏர்போர்ட்டுக்குப் போணும்."

"அங்கன நிக்காது. பிளேன்ல போறவருக்கு பஸ் எதுக்கு?" என்றார் நடத்துநர்.

"பிளேனுக்கு கவர்மெண்டு பாதி துட்டு குடுக்கு அண்ணாச்சி. ஆட்டோவுக்குக் குடுக்கலியே!"

பஸ்ஸே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை.

"ராத்திரி பூரா உக்காந்து மெட்ராஸ் போவ இவுகளால முடியாது சார். இன்னும் ரெண்டு தடவ வரச் சொல்லிருக்காரு டாக்டர். அடுத்த மாசத்தோட மானியம் நிக்குதாம்" என்றார் என்னிடம்.

நான் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கி, விமான நிலைய வாசல்வரை போனேன்.

மெயின் ரோட்டுக்குத் திரும்பி வந்தால், எனக்கும் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். அவர்கள் விமானம் தலைக்கு மேல் போனது.

அதில் இரண்டு இருக்கைகளுக்கு மட்டும் என் வரிப்பணத்தை மனதாரக் கொடுத்துவிட்டேன். மற்ற இருக்கைகளில் யார் போகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பழைய கோபம் அப்படியே இருக்கும்.