ஸ்டெனோ ஜோதிலிங்கமும் கொய்னா மாத்திரையும்

ஜோதிலிங்கத்துக்குச் சோறு போட்டது காதுதான். திருநெல்வேலியில் சுருக்கெழுத்து பாஸ் பண்ணிய கையோடு டெல்லிக்கு ரயிலேறியவர், அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதியே தலை நரைத்துப் போனார். இப்போதைய இணைச் செயலர் பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார். அந்த முணுமுணுப்பைப் பிடிக்கத் தெரிந்தவர் அமைச்சகத்தில் இவர் ஒருவர்தான். தொண்ணூற்றெட்டில் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் போன அரசுக் குழுவில் இவருக்கும் இடம் கிடைத்தது அதனால்தான்.

திரும்பி வந்த சில நாளில் காய்ச்சல் கண்டது. மழைக்காலம். அவர் குடியிருந்த மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு மலேரியா. பக்கத்து டாக்டர் எல்லாருக்கும் எழுதுகிற குளோரோகுவினையே இவருக்கும் எழுதினார். வெளிநாடு போனதை அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. காய்ச்சல் அசைவதாக இல்லை. கண் மஞ்சளித்த பிறகு மனைவி ராஜி பயந்துபோய் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"ஆப்பிரிக்காவா!" என்றார் அங்கே பயண விவரம் கேட்ட பெண் டாக்டர். அங்கிருந்து வருகிற மலேரியா வேறு ஜாதி, குளோரோகுவினுக்கு மசியாது என்று சொல்லிக் கொய்னா என்ற பழைய மலேரியா மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும் மிச்சத்துக்கு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். "பூரா கோர்ஸ், அங்கிள். பீச் மே மத் சோட்னா." நடுவில் விடக்கூடாது என்று ராஜியிடமும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலேயே காதுக்குள் ஓர் இரைச்சல் தொடங்கியிருந்தது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அதைத் தவிர வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை.

ஆபீஸ் நண்பர் வைத்தி பார்க்க வந்தார். இரண்டு தடவை கேட்டும் பதில் வராததால், "என்ன ஓய், ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தா நம்ம பேச்செல்லாம் காதுல ஏறாதோ?" என்று சத்தமாகச் சிரித்தார். "சீக்கிரம் வந்து சேரும். உம்ம சீட்ல ஒரு புதுப் பையனை உக்கார்த்தி வச்சிருக்கா. திங்கட்கிழமை சாப் டூர்லேர்ந்து வந்துடறார்."

அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாத்திரையாலதான் இப்படின்னா, அந்த டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்றாள் ராஜி.

"சும்மா இரு. கேட்டா மெடிக்கல் சர்டிபிகேட்ல எழுதி வச்சிருவாங்க. ஸ்டெனோவுக்குக் காது கேக்கலன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா அப்புறம் சீட்டும் கெடையாது, குவார்ட்டர்ஸும் கெடையாது. காய்ச்சல்தான் விட்டுட்டுல்லா?"

அதன் பிறகு, ராஜி எடுத்துக் கொடுத்த மாத்திரைகளை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்து, வாஷ்பேசினில் துப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார். இரைச்சல் மெல்ல அடங்கியது. திங்கட்கிழமை இணைச் செயலர் சாப் விழுங்கிய சொற்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. புதுப் பையன் எழுந்து போனான்.

சில வாரம் கழித்து, டிக்டேஷன் நடுவே ஜோதிலிங்கம் மேசை மேல் சாய்ந்தார். கொன்றது போக மிஞ்சிய கிருமி மறுபடி பெருகி, இந்தத் தடவை மூளைக்கு ஏறியிருந்தது. நினைவில்லாமல் கிடந்தவருக்கு மறுபடியும் கொய்னா ஏற்றினார்கள். ராஜி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்: இதனால் காது போய்விடுமா?

"மருந்து முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும். அநேகமாக எல்லாருக்கும் வருவதுதான்," என்றார் டாக்டர். "முன்பே கேட்டிருக்கலாமே?"

ஜோதிலிங்கம் பிழைத்தார். காதும் திரும்பியது. மூளைக்கு ஏறிய காய்ச்சலின் மிச்சமாகக் கைதான் நடுங்கியது. மாசக்கணக்கில் சரியாகலாம், உறுதியில்லை என்றார்கள். சுருக்கெழுத்தில் பென்சிலை அழுத்தி இழுத்தால் ஓர் எழுத்து, லேசாக இழுத்தால் வேறோர் எழுத்து. நடுங்குகிற கைக்கு அழுத்தம் ஏது, லேசு ஏது? அவரை அனுப்புகைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கவருக்குப் பசை தடவும் வேலை.

சாயங்காலங்களில் ராஜி இங்கிலீஷ் பேப்பரை எடுத்துத் தட்டுத் தடுமாறி வாசிப்பாள். அவர் எழுதிப் பழகுவார். அவள் பார்வை அடிக்கடி அவர் கைப்பக்கம் போகும். வாசிப்பின் வேகம் குறையும், பிறகு நின்றேவிடும்.

"ஏன் நிறுத்திட்டே? எனக்கு நல்லாத்தான் கேக்குது. படி."