மாட்டுக்குப் போடும் மருந்து

குழந்தைக்கு எழுதிய க்ரீமை நாராயணப்பா கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததும் போனை எடுத்தேன்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன க்ளினிக்கில் நான் பார்மசிஸ்ட். நாராயணப்பா பூதிகோட்டைப் பக்கம் மாடு வளர்ப்பவர். வீட்டில் மூன்று பேருக்கும் ஸ்கேபிஸ், அதாவது தோலுக்குள் பூச்சி புகுந்து வரும் சொறி. புருஷன் பெண்டாட்டிக்கு ஐவர்மெக்டின் மாத்திரை. கைக்குழந்தைக்குப் பூசுகிற க்ரீம் மட்டும். அத்தனை எடை குறைந்த பிள்ளைக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை.

மாத்திரை ஸ்ட்ரிப்பைப் படித்துவிட்டு நாராயணப்பா சிரித்தார். "இன்னாக்கா, இது எங்க மாட்டுக்கு உண்ணிக்குப் போடுறதாச்சே! வீட்ல பாட்டிலே கீது."

"மருந்து அதேதாண்ணா. மாட்டுக்கு வந்து, அப்பால மனுசனுக்கும் ஆவுதுன்னு கண்டுபுடிச்சாங்க. ஆனா அந்த பாட்டிலைத் தொடாதீங்க."

தலையாட்டினார். கூட்டத்தில் நான் அடுத்த சீட்டை வாங்கிவிட்டேன்.

இப்போது க்ரீம் இங்கே; அவர் வீட்டில் குழந்தைக்கென்று இருப்பது அந்த மாட்டு பாட்டில்தான். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். டாக்டரிடம் ஓடினேன். "நீங்க கெளம்புங்க, கவுன்ட்டரை நான் பாத்துக்குறேன்" என்றார். ஸ்கூட்டரை எடுத்தேன். பங்காருப்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வழிவிடாதவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பயம்தான், வேறென்ன?

வாசலில் அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். பதற்றத்தில் முகம் வெளுத்திருந்தது.

"அந்த பாட்டில் மருந்தக் கொழந்தைக்குக் குடுத்துட்டியாம்மா?"

"இல்லக்கா. அவருதான் அதக் குடிச்சிட்டு, தல சுத்துதுன்னு வாந்தி எடுத்துக்கினே கீறாரு."

மாட்டுக் கொட்டகை ஓரம் சுருண்டு கிடந்தார். பிடிபிடியென்று பிடிக்க வந்தவள் நான். அவரோ மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் ஆவலன்னா கொழந்தைக்கும் கொஞ்சம் குடுக்கலாம்னு பாத்தேங்க்கா. ராத்திரில சொறிஞ்சிக்கினு அழுவுது."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாளில் எழுந்துவிட்டார். க்ரீமிலேயே குழந்தைக்கும் சரியாகிவிட்டது.

புதிதாக வரும் பார்மசிஸ்டுகளுக்கு ஒன்று சொல்வேன். மாட்டு மருந்து மனுசனுக்கு வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் எந்த உடம்புக்கு எவ்வளவு என்று தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகே வந்தது. "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்; ஏன் என்றும் சொல்லுங்கள்.

அவர் வாந்தி எடுத்ததை நினைத்து நான் இன்றும் பயப்படுவதில்லை. எடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பயம்.