பூச்சுக்கு அடியில் ஒரு கோடு

இர்மெலி ஹைக்கோலாவை இன்று மதியம் பின்லாந்தின் தம்பெரே நகரில் அடக்கம் செய்தோம். விமானச் சக்கரக் கால்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் பதினோரு வருடம் அவள் எனக்குப் பக்கத்து மேசை.

தேய்ந்த காலுக்குக் குரோம் பூசி, சாணைக்கல்லில் இழைத்து அனுப்புவார்கள். கண்ணாடிபோல் மின்னும். இழைக்கும்போது கல் மழுங்கிச் சூடு ஏறி, பூச்சுக்கு அடியில் எஃகு வெந்துபோயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பறக்கும், இறங்கும், ஒருநாள் விரிசல் விடும். இர்மெலி, ஒலிபெருக்கும் சோதனைப் பெட்டி ஒன்றோடு இணைத்த காந்த முனையை அதன்மேல் மெல்ல நகர்த்துவாள். நல்ல எஃகு என்றால் பெட்டியில் லேசாகப் பொரியும் சத்தம். வெந்த இடத்தில், சௌனா நீராவிக் குளியலறையின் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றியதுபோல் சீறும்.

மேலாளரிடம் அவள் சண்டை போட்டு வாங்கிய பெட்டி அது. வந்த மாதமே, தாய்ஸ்தோ இழைத்த கால் ஒன்றில் சீறியது. முப்பது வருடத்தில் அவர் இழைத்த ஒரு துண்டுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை.

"ஏம்மா, உன் பெட்டிக்கு ஜலதோஷமா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கல்லை எப்போ கூர் பண்ணினே?"

"என்கிட்டயா கேக்குறே இதை?"

பூச்சை உரித்து அமிலத்தில் நனைத்தால்தான் உறுதியாகும். இரண்டு வார வேலை வீண்.

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிடுவேன், இர்மெலி" என்றார் மேலாளர்.

"சரி. உரிங்க."

"அதோட நீ எல்லாருக்கும் ஒரு கேக் கொண்டு வரணும்" என்றார் தாய்ஸ்தோ.

"இருந்தா நீ கொண்டு வா. கடைக் கேக் செல்லாது."

உரித்தார்கள். சாம்பல் நிற எஃகில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

தாய்ஸ்தோ தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "ஒன்பது மணிக் காபி" என்றார். "நேரமாயிடுச்சுன்னு கல்லைக் கூர் பண்ணாம கடைசி இழைப்ப ஓட்டிட்டேன்."

யாரும் திட்டவில்லை. காபி மணி அடித்தபின் எங்களில் யார்தான் கல்லைக் கூர் பண்ண நின்றிருப்போம்?

"காபியாவது சூடா இருந்துச்சா?" என்றாள் இர்மெலி.

"ஆறிப்போச்சு."

மறுநாள் வெள்ளைக் கிரீம் பூசிய கேக் வந்தது. இர்மெலி காந்த முனையை அதன்மேல் ஓட்டி, காது கொடுத்துக் கேட்டாள்.

"சத்தமே இல்ல. தாராளமா வெட்டலாம்."

வெட்டினால் உள்ளே கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புச் சாக்லேட் கோடு.

"பாத்தியா, உன் பெட்டி கோட்டை விட்டுடுச்சு!" தாய்ஸ்தோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இர்மெலிக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இன்று அடக்கத்துக்குப் பிறகான காபிக்கும் அவர் வெள்ளைக் கேக்தான் கொண்டு வந்திருந்தார். யாரும் கத்தியை எடுக்கவில்லை.

"கேட்டுச் சொல்ல ஆளில்ல. நானே வெட்டுறேன்" என்றார்.

கோடு இருந்தது. ஆளுக்கு இரண்டு துண்டு தின்றோம்.