காணாமல் போன துணைத் திரள்கள்

என் கணவருக்கும் ரகசியத்துக்கும் ஏழாம் பொருத்தம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளை அனுப்பும் அலுவலகத்தில் நாள் முழுக்க போனில் கத்திப் பழகிய வாய் அது. "செமினார் முடியறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று நான் சொன்ன மறுநாளே, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கும் அக்கா மல்லிகையை முழம் போட்டபடி கேட்டார்.

"தங்கச்சி, வானத்துல என்னமோ கண்டுபிடிச்சிட்டியாமே?"

கண்டுபிடித்திருந்தேன். அந்த வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விண்மீன்திரளும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் பெரிய உருண்டை ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டைக்கு ஹாலோ, அதாவது ஒளிவட்டம் என்று பெயர். துளி ஒளி கிடையாது. பெயர் வைத்த மகராசனைத்தான் கேட்க வேண்டும். சின்னத் திரள் ஒன்று பெரிய திரளின் ஹாலோவுக்குள் விழுந்துவிட்டால், துணைத் திரளாகிப் பெரியதைச் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றச் சுற்ற, பெரியது சின்னதன் ஹாலோவை வெளிப்பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டே வரும். நடுவில் இருக்கும் விண்மீன்கள் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வெகுகாலம் தாக்குப்பிடிக்கும்.

இப்படியொரு பிரபஞ்சத்தைக் கணினிக்குள் ஓடவிட்டு, மிஞ்சும் துணைத் திரள்களை நிஜ வானத்தோடு ஒப்பிடுவது என் பிழைப்பு. பெரிய திரள்களுக்கு மிக அருகில் வானத்தில் துணைகள் தாராளமாக இருந்தன. என் கணினியிலோ அந்த இடம் காலியாகக் கிடந்தது. அப்படியென்றால் கரும்பொருளைப் பற்றி நாம் நினைத்திருப்பதிலேயே கோளாறு. சின்ன விஷயமா இது? பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. இந்த முடிவு நிலைத்தால் நீட்டிப்பு உறுதி என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை செமினாரில் அறிவிப்பதாக ஏற்பாடு.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் அம்மாவ கிள்ளான்லேர்ந்து வரச் சொல்லிட்டேன். கேக் ஆர்டர் பண்ணியாச்சு" என்றார் இவர்.

"ஐயோ, மொதல்ல அது முடியட்டுங்க!"

"முடியும் லா. நீ ஏன் டென்ஷன் ஆகுற?"

புதன்கிழமை, செமினாரின் தொடக்கத்தில் போட அழகாக ஒரு படம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். துணைத் திரள் ஒன்று கரைந்து அழிவதைச் சலனப்படமாகக் காட்டலாம். அழிந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஹாலோக்களைத் தேடித் தருவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அடர்த்தி எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே ஹாலோ என்று அது சொல்லும். ஹாலோ இல்லையென்றால் திரளும் இல்லை என்று என் நிரல் அடித்துவிடும். படம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக, அன்று மென்பொருளை விட்டுவிட்டு, கணினியில் அந்தத் துணையை உருவாக்கியிருந்த துகள்களையே நேராகப் பின்தொடர்ந்தேன்.

அது பெரியதன் நடுப்பகுதிக்குள் இறங்கியது. மென்பொருள் தொலைத்த இடம் வந்தது. இனிச் சிதறும் என்று காத்திருந்தேன். சிதறவில்லை. உள்ளே புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தது. இளைத்திருந்தது, ஆனால் முழுசாக இருந்தது.

"அடிப்பாவி!" என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நடுப்பகுதியின் அடர்த்தியில் சின்ன ஹாலோவைத் தேடுவது, பத்துமலையில் தைப்பூசக் கூட்டத்தில் ஒரு தலையைத் தேடுவது மாதிரி. மென்பொருள் கொஞ்ச நேரம் தேடும், அப்புறம் கைகழுவிவிடும். வெளியே வந்ததும் புதுப்பிறவி என்று பதிந்துகொள்ளும். முன்கதை இல்லாததெல்லாம் பிழை என்று என் நிரல் அதையும் தள்ளிவிடும். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பள்ளம்தான். புதிய மென்பொருளில் மூடிவிட்டார்கள் என்று நம்பியிருந்தேன். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை உள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தன.

கண்டுபிடிப்பு போச்சு. அந்தப் படத்தைப் போடாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது, மறைப்பானேன். ஆனால் அந்தக் குட்டி இருட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் தலைநீட்டும் இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வேலை போகப்போகிற நேரத்தில் இதென்ன சந்தோஷம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் செமினாருக்கு முன்னால் பூக்கடைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத்தான் முதலில் போட்டேன். துறைத்தலைவர் அதை இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். பிறகு, இதே மென்பொருளை வைத்திருக்கும் மற்றவர்களும் இப்படித் தொலைத்திருப்பார்களா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அப்படியானால் அதை எழுதி முடிக்கும்வரை இருங்கள் என்றார். நான் கனவு கண்ட நீட்டிப்பு இது இல்லை. வாசலைக் காட்டவும் இல்லை.

மாலையில் வீட்டுக்கதவைத் திறந்ததும் நண்டு பெரட்டல் வாசம். கிள்ளானிலிருந்து சட்டியோடு அத்தை வந்து இறங்கியிருந்தார். மேசையில் கேக், அதன் மேல் நீல கிரீமில் வளையம் போட்ட சனிக்கோள். என் வாழ்க்கையில் நான் கோள்கள் பக்கமே போனதில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் இவர், கத்தியும் கையுமாக.

"வேலைக்கு இப்போதைக்குப் பயமில்ல. ஆனா கண்டுபிடிப்பெல்லாம் இல்லைங்க. காணாமப் போச்சுன்னு நெனச்சதெல்லாம் அங்கதான் இருந்திருக்கு. தேடத் தெரியல."

கத்தியை மேசையில் வைத்தார். முகம் தொங்கிவிட்டது. "அப்ப பூக்கடை அக்காகிட்ட என்னத்தச் சொல்றது?"

தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "அதுங்கல்லாம் பத்திரமா இருக்காம்மா?"

அந்த வாரம் முழுக்க யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"இருக்கு அத்தை. கொஞ்சம் எளச்சுப் போச்சு, அவ்வளவுதான்."

"தொலஞ்சதுன்னு நெனச்ச புள்ளைங்க இருக்காம். இதுக்கு வெட்டாம வேற எதுக்குடா கேக் வெட்டுவ?" என்று மகனை அதட்டினார் அத்தை. "கத்திய அவகிட்ட குடு."