மூக்குக்காரரும் தங்கையின் கோழிகளும்

கோழித்தீவன ஆலையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் மூக்குக்காரர். லாரியில் மக்காச்சோளம் வந்து நின்றால் ஈரத்தை மெஷின் சொல்லிவிடும். கோழிக்கு ஆகாத பூசண வாடை அடிக்கிறதா என்று சொல்ல அவர்தான் வர வேண்டும். ஒரு கை அள்ளி மோந்து, "இறக்கு" என்பார். இல்லாவிட்டால் "திருப்பு" என்பார். முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு அந்த மூக்கு போய்விட்டது. சுத்தமாக! மண்ணெண்ணெயும் தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். வெளியே சொன்னால் வேலைக்கு வேட்டு. அதனால் மனுஷன் வாயே திறக்கவில்லை. பழையபடி அள்ளினார், மோந்தார், டிரைவரின் முழியைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லி வைத்தார்.

இன்று காலை தங்கை போன் செய்தாள். அவள் பிராய்லர் பண்ணைக்கு இந்த ஆலைத் தீனிதான் போகிறது.

"அண்ணா, இருபத்தெட்டு நாள் ஆச்சு. ஒண்ணரை கிலோ வர வேண்டிய கோழி ஒரு கிலோகூட தேறல. தீனி மூட்டை மூட்டையா போகுது, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. இப்படியே போனா ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். கொஞ்சம் வந்து பாரேன்."

அவர் போகாமலிருக்க நாலு பொய் தேடினார்; ஒன்றும் அகப்படவில்லை.

ஷெட்டில் கோழிகள் இறகு சிலிர்த்து, சத்தமே இல்லாமல் சுவரோரம் ஒண்டிக் கிடந்தன. தங்கை புது மூட்டை ஒன்றைப் பிரித்தாள்.

"டாக்டர் நோய் இல்லன்னுட்டார். தீனியிலதான் கோளாறுங்கறாங்க எல்லாரும். எங்க அண்ணன் மோந்து பாக்காம அங்க ஒரு மணி சோளம் உள்ள போகாதுன்னு சண்டையே போட்டேன். கோழி வாடையில என் மூக்கு மரத்துப்போச்சு. நீ பாத்து நல்லா இருக்குன்னு சொல்லு, கண்ணை மூடிட்டு போட்டுடறேன்."

அவர் மூட்டைக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். ஒன்றுமே இல்லை. 'நல்லா இருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலடியில் ஒரு கோழி எழப் பார்த்து, முடியாமல் சரிந்தது.

"தெரியலம்மா," என்றார். "ஆறு மாசமா எனக்கு எந்த வாடையும் தெரியறதில்ல."

விளையாடுகிறார் என்று நினைத்துத் தங்கை சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்போ ஆறு மாசமா அங்க யாருண்ணா பாத்தது?"