சவளக்கடை வயலில் பைசாந்தியச் செப்புக்காசுகள்

ஆறு வருடமாகப் பழைய நாணயங்களைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதுகிறேன். பின்னூட்டம் என்பதே அபூர்வம். போன ஆவணியில் சவளக்கடை விவசாயி ஒருவர் படம் அனுப்பினார். நசார் என்று வைத்துக்கொள்வோம். வயலில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்த காசுகளாம். "நீங்க எழுதின ரோமக் காசு மாதிரி கெடக்கு. ஒருக்கா வந்து பாருங்க சேர்." செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம், 180 ரூபா. பக்கத்து இருக்கைக் குடும்பம் வடை பகிர்ந்து தின்றது. எனக்கும் நீட்டினார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்முனையிலிருந்து சவளக்கடைக்கு ஆட்டோ, போக, வர, காத்திருக்க 2,000 ரூபா.

நசார் பால்மா டின் ஒன்றைப் பாயில் கொட்டினார். எல்லாம் விரல் நகத்தளவு. பாதியை அவரே தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்து, முகங்களை அழித்திருந்தார். மீதியில் சிலவற்றில் கிழக்கு ரோம, அதாவது பைசாந்திய, பேரரசர் ஒருவரின் தலை, பின்புறம் சிலுவை. மற்றவை அவற்றைப் பார்த்து இந்தத் தீவிலேயே அடித்த போலிகள். மூக்கு வெறும் கோடு. என் சிறு தராசில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே எடை காட்டின. தேய்மானமும் ஒன்றுதான்.

"அப்ப கள்ளக் காசா சேர்?"

"இல்லை. வந்த காசு போதாமல் இங்கேயே அடித்திருக்கிறார்கள். ரெண்டையும் கலந்து ஒரே இடத்தில் வைத்திருந்தால், ரெண்டும் கடையில் செல்லுபடியாகியிருக்கும். பேரரசர் யாரென்று உப்பு வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத அரசாங்கத்துக்குச் சொன்னா, வயல் செய்ய வேணாமெண்டு மறிப்பாங்களா? மூணு ஏக்கர்தான் நமக்கு."

வாயில் ஆறுதல் வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "சட்டப்படி சொல்லத்தான் வேண்டும். மறிக்கமாட்டார்கள் என்று என்னால் உறுதி தர ஏலாது."

அவருடைய மனைவி காசுகளை அள்ளி டின்னை மூடினார். "ஓம் சேர், யோசிப்பம்" என்றார் நசார். வாசல்வரை யாரும் வரவில்லை. கல்முனைக் கடற்கரையில் இருட்டும்வரை இருந்தேன். என்னை நம்பி எழுதிய ஒரே மனிதரையும் இழந்துவிட்டேன் என்று தோன்றியது.

போக நினைப்பவர்களுக்கு: மாரி மழைக்கு முன் போங்கள், பிறகு வழியிலுள்ள கிட்டங்கிப் பாலத்தில் வெள்ளம் ஏறும். வயல் எங்கே என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள். எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் காசு எப்படிப் புழங்கியது என்று ஊகிக்கத்தான் முடியும்.

நான் போய்வந்த பதினோராம் நாள் நசார் தொலைபேசியில் பேசினார். டின்னைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டாராம். தொல்பொருள் திணைக்கள ஆட்கள் வந்து பார்த்து, வாய்க்கால் மூலையை மட்டும் கயிறு கட்டி, உழாமல் விடச் சொன்னார்களாம்.

"மத்ததுல விதைக்கிறன். நீங்க ஒண்டும் ஆகாதெண்டு சொல்லிருந்தா நம்பிருக்கமாட்டன் சேர்."

பிறகு, உப்பு வாங்கியவருக்கு அந்தக் காசுக்கு எவ்வளவு உப்பு கிடைத்திருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்தோம்.